தீவகத்துக் குடும்ப வரலாறு: எங்கே தேடுவது, எங்கே சேர்த்து வைப்பது

கனடாவில் இருக்கும் என் பெறாமகள் போன மாரிகாலத்தில் ஒரு கேள்வி கேட்டாள். "சித்தப்பா, வம்சாவளி தேடித் தருகிற தளம் ஒன்றை இரண்டு கிழமை இலவசமாகப் பார்த்தேன். இனி ஒரு வருடச் சந்தா கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?" தன் பெயர், அப்பாவின் பெயர், அப்பப்பாவின் பெயர் என்று அவள் மூன்று படி ஏறியிருந்தாள். நாலாவது படியில் அந்தத் தளம் அவளுக்கு எடுத்துக் கொடுத்தவர், அப்பப்பாவின் பெயரையே கொண்ட, எங்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு மலேசியக்காரர்.

நாங்கள் புங்குடுதீவு, யாழ்ப்பாணத்தை ஒட்டித் தீவகம் என்று சொல்கிற தீவுகளில் ஒன்று. 1991இல் ஊரை விட்டு வந்த குடும்பம். படங்கள், சாதகங்கள், கடிதங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. மிஞ்சியது அம்மம்மா கையோடு கொண்டுவந்த ஒரு தகரப் பெட்டி மட்டும்தான். அந்தப் பெட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சந்தா இப்போதைக்கு வேண்டாம் என்று அவளுக்குச் சொன்னேன். ஏன் வேண்டாம், அந்தக் காசையும் நேரத்தையும் வேறு எங்கே போடலாம் என்று அவளுக்கு விளக்கப்போய் அது நீண்டுவிட்டது. நெடுந்தீவோ நயினாதீவோ, அனலைதீவோ வேலணையோ காரைநகரோ, தீவகத்தில் வேர் உள்ள வேறு பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

உலகத் தளங்களில் நம் பெயர்கள்

ஆன்செஸ்ட்ரி, மைஹெரிட்டேஜ், ஜெனி, விக்கிட்ரீ, ஃபேமிலிசேர்ச் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் குடும்பப் பெயரை நம்பிக் கட்டப்பட்டவை. ஒரே பெயர் தலைமுறை தலைமுறையாக வரும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறலாம் என்பது அவற்றின் கணக்கு. நமக்கு அப்படியொரு பெயரே இல்லை. அப்பாவின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். பேரனுக்குப் பாட்டனின் பெயர் வைக்கிற வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்பி வந்து தேடுகிறவரைக் குழப்பும். வெளிநாட்டுக்கு வந்த பிறகு அப்பாவின் பெயர் கடைசிப் பெயராக உறைந்துவிட்டது. சுவிஸில் இருக்கும் அண்ணனும் கனடாவில் இருக்கும் தம்பியும் பதிவுக்காரர் எழுதிக்கொண்டபடி வேறு வேறு கடைசிப் பெயரோடு வாழ்கிற வீடுகள் நம்மிடையே நிறைய.

இரண்டாவது குறை, உள்ளே இருக்கும் பதிவுகள். ஃபேமிலிசேர்ச் முழுக்க இலவசம், அதனால் பார்ப்பதில் நட்டமில்லை. ஆனால் இலங்கை என்று தேடினால் முன்னால் வருவது ஒல்லாந்த (டச்சு) சீர்திருத்தத் திருச்சபையின் பதிவேடுகள். ஐரோப்பிய வழி வந்த பறங்கியர் குடும்பங்களுக்கு அது பெரும் செல்வம். புங்குடுதீவுச் சைவக் குடும்பத்துக்கு அதில் கிடைக்க ஒன்றுமில்லை.

மரபணுப் பரிசோதனையும் அப்படித்தான். மச்சான் மச்சாளைக் கட்டி, ஊருக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த தீவு நமது. பரிசோதனைக்கு எச்சிலைக் கொடுத்தால் ஊரில் பாதிப் பேர் நெருங்கிய உறவாகக் காட்டும். எந்தப் பூட்டனின் வழியாக உறவு என்று அதனால் சொல்ல முடியாது.

இந்தத் தளங்கள் ஒரு வேலைக்கு நல்லவை. கிடைத்ததை வரிசையாக எழுதி வைக்கும் பலகையாக வைத்துக்கொள்ளலாம். அதற்கும் இலவசக் கணக்கு போதும். ஜெனியும் விக்கிட்ரீயும் உலகம் முழுவதற்கும் ஒரே மரம் என்ற எண்ணத்தில் நடப்பவை, ஆகவே வேறொருவர் வந்து உங்கள் கிளையைத் திருத்தலாம். அதில் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. ஜெட்கொம் கோப்பாக, அதாவது வேறு தளத்திலும் திறக்கக்கூடிய பொது வடிவில், மரத்தை இறக்க விடுகிற தளத்தில் எழுதினால், ஆறு மாதத்துக்கொரு தடவை இறக்கி உங்கள் கணினியில் ஒரு பிரதி வைத்திருங்கள்.

நூலகம்: நான் முதலில் அனுப்புகிற இடம்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. 2005இல் "நூலகம்" என்ற பெயரில் இணையத்தில் தொடங்கிய எண்ணிம நூலகத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த எண்தான் நினைவுக்கு வரும். ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள் என்று அவர்கள் ஸ்கான் செய்து இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். படங்கள், ஒலிப்பதிவுகள், கடிதங்கள் போன்றவற்றுக்கு ஆவணகம் என்ற பக்கத்தை நடத்துகிறார்கள்.

குடும்பம் தேடுகிறவருக்கு அங்கே இருக்கும் பொக்கிஷம் நினைவு மலர்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். பலர் அதைக் கல்வெட்டு என்றே சொல்வார்கள். முகப்பில் படம். உள்ளே திதி வெண்பா, அதில் இறந்த ஆண்டு, மாதம், திதி. பிறகு தேவார திருவாசகம். அதற்குப் பிறகு வாழ்க்கைக் குறிப்பு: எந்தக் குறிச்சியில் பிறந்தார், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார், கொழும்பில் எந்தத் தெருவில் கடை வைத்திருந்தார், யாரைக் கட்டினார். கடைசிப் பக்கங்களில் வம்சாவளி, சில மலர்களில் மடித்து வைத்த பெரிய தாளில் நாலைந்து தலைமுறைக்கு. வேறு நாட்டவர் கோயில் பதிவேட்டிலும் குடிசன மதிப்பிலும் தேடி அலைவதை நம் ஆட்கள் துக்க வீட்டிலேயே எழுதி, அச்சிட்டு, இலவசமாகக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நாம் அதை வாங்கி அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டு மறந்துபோனோம்.

தேடும்போது ஒரு விஷயம். பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள், உள்ளே இருக்கும் எல்லாப் பெயரும் தேடலில் சிக்காது. ஆகவே ஆளின் பெயரைத் தட்டி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். ஊர்ப் பெயரைத் தட்டுங்கள், கோயில் பெயரைத் தட்டுங்கள், பள்ளிக்கூடத்தின் பெயரைத் தட்டுங்கள். ஆளுமை என்று தொடங்கும் பக்கங்களில் ஊர் ஆசிரியர்கள், புலவர்கள், வைத்தியர்கள் பற்றிய சிறு குறிப்புகள் உண்டு, அங்கே பெற்றோர் பெயரும் சில வேளை இருக்கும். என் பெரியப்பாவின் பெயர் எனக்குக் கிடைத்தது அவருடைய சம்பந்தியின் நினைவு மலரில். அப்படித் தற்செயலாகத்தான் பலதும் கிடைக்கும், பொறுமையாகப் பக்கம் புரட்ட வேண்டும்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மலர் அச்சடிக்கக் காசு வேண்டும். கடை வைத்திருந்தவர், உத்தியோகம் பார்த்தவர், காணி இருந்தவர் வீடுகளில்தான் அது நடந்தது. கூலி வேலை செய்தவர்கள், சாதியின் பெயரால் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் இந்தத் தீவுகளில் நம் அளவுக்கே நெடுங்காலமாக வாழ்ந்தவர்கள். அவர்களுடைய பெயர்கள் இந்த மலர்களில் அரிது, ஊர் வரலாற்று நூல்களிலும் அரிது. ஊர் மலர் ஒன்றைப் படித்துவிட்டு ஊரையே படித்துவிட்டதாக எண்ணக் கூடாது. அந்தக் குடும்பங்களுக்கு இன்று மிஞ்சியிருப்பது பெரியவர்களின் வாய்மொழிதான். அதைப் பதிவது மற்ற எல்லாவற்றையும் விட அவசரம்.

மரண அறிவித்தல்கள்

லங்காசிறி போன்ற தளங்களில் நாள்தோறும் வருகிற அறிவித்தல்களை வம்சாவளிப் பதிவாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் அதன் வாய்ப்பாட்டைப் பாருங்கள். "யாழ். புங்குடுதீவு இத்தனையாம் வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும், இந்த நகரை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகள், இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாயார், சகோதரி, மைத்துனி, பேத்தி என்று மூன்று தலைமுறையை ஒரு பந்தியில் சொல்லிவிடுகிறது. வட்டார எண் இருப்பதால் ஒரே பெயர்க்காரரைப் பிரித்தறியவும் முடியும். 2000க்குப் பிந்திய இறப்புகளுக்கு இதை விட வேகமான வழி எனக்குத் தெரியாது. படமெடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள், இணைப்பை மட்டும் குறித்து வைக்காதீர்கள்.

வட்ஸ்அப், முகநூல் குழுக்கள்

எங்கள் ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வட்டாரத்துக்கும் என்று தனித்தனிக் குழுக்கள் உண்டு. கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ் என்று ஊர் ஒன்றியங்கள் நடத்துபவை வேறு. கேள்வி கேட்க இவற்றுக்கு நிகர் இல்லை. 1960களில் எடுத்த ஒரு வகுப்புப் படத்தை ஒரு சனிக்கிழமை காலையில் போட்டேன். இரவுக்குள் பதினொரு பேரை அடையாளம் சொல்லிவிட்டார்கள். ஒருவர் பாரிஸிலிருந்து, இன்னொருவர் வவுனியாவிலிருந்து. நடுவில் நிற்கும் ஆசிரியை தன்னுடைய மாமி என்று ஒரு பெண் எழுதி, அவர் கடைசிக் காலத்தில் எங்கே இருந்தார் என்பதையும் சொன்னார். எந்தச் சந்தாவும் அதைத் தராது.

ஆனால் அங்கே எதையும் வைத்திருக்க முடியாது. நான் இருந்த வேறொரு முகநூல் குழுவில் ஏழு வருடமாகச் சேர்ந்த படங்கள் இருந்தன. அதை நடத்தியவருடைய கணக்கை யாரோ களவாடி, குழுவே ஒரு நாள் இல்லாமல் போனது. அவரும் அழுதார், நாங்களும் அழுதோம். படத்தின் கீழே மற்றவர்கள் எழுதியிருந்த பெயர்களுக்கும் கதைகளுக்கும் எவரிடமும் பிரதி இல்லை. அன்றிலிருந்து குழுவில் ஒரு விடை வந்தால், சொன்னவரின் பெயரோடும் திகதியோடும் அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதிவிடுகிறேன்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதியையும் தாயின் பெயரையும் பொதுக் குழுவில் போடாதீர்கள், வெளிநாட்டு வங்கிகள் பாதுகாப்புக் கேள்வியாகக் கேட்பது அதையேதான். அடுத்து, தத்தெடுப்பு, பிரிந்த கலியாணம், சாதி மாறிக் கட்டியது போன்றவை பெரியவர் ஒருவர் உங்களிடம் நம்பிச் சொன்னால் உங்களோடு நிற்கட்டும். அவருடைய பிள்ளைகளுக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

அத்தாட்சிப் பத்திரம், உறுதி, தோம்பு

இலங்கையின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய முழுப் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு இருக்கும். தகப்பன் இலங்கையில் பிறக்காதவரானால் பூட்டனாருக்கும் ஒரு கூடு. யார் குடிமகன் என்பதைப் பாட்டன் பூட்டன் வரைக்கும் போய்க் கேட்ட 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. அதே கேள்விகள் அத்தாட்சிப் பத்திரத்திலும் ஏறிவிட்டன. தேடுகிறவருக்கு அந்தக் கூடுகள் உதவுகின்றன என்பதை எழுதவே மனம் கொஞ்சம் கனக்கிறது. உங்கள் அப்பாவுடைய பத்திரத்தின் பிரதி ஒன்று எடுத்தால் அவருடைய பாட்டனார் பிறந்த ஆண்டு கிடைத்துவிடலாம். பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். போரில் பதிவேடு அழிந்திருந்தால் வேறு வழி பார்க்க வேண்டும்.

இனி அந்தத் தகரப் பெட்டி. அதற்குள் இருந்தவை ஒரு திருநீற்றுக் குடுவை, கிழிந்த பஞ்சாங்கம், துணியில் சுற்றிய ஓர் உறுதி, அதாவது காணிப் பத்திரம். 1930களில் ஒரு நொத்தாரிசு எழுதிய சீதன உறுதி. அம்மம்மாவுக்கு அவருடைய தாய், தனக்குத் தன் தாய் வழியாக வந்த காணியைச் சீதனமாகக் கொடுத்தது என்று அதில் எழுதியிருந்தது. அந்த இரண்டு பெண்களின் பெயரும் முழுதாக. எங்கள் வீட்டில் எவரும் உச்சரித்துக் கேட்டிராத பெயர்கள்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம் இல்லை. யாழ்ப்பாணத்தாரின் வழக்கச் சட்டமாக ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையில் முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடியது) என்று சொத்து மூன்றாகப் பிரிகிறது. பழைய வழக்கப்படி தாயின் சீதனம் பெண் பிள்ளைகளுக்குப் போகும். ஆகவே உறுதி என்ற ஆவணம் பெண் வழியைக் கோர்த்துக்கொண்டே போகிறது. நினைவு மலர்களிலும் ஊர் மலர்களிலும் பழைய தலைமுறைப் பெண்கள் "இன்னாரின் பாரியார்" என்று மறைந்துபோவார்கள். உறுதியில் அவர்கள் பெயரோடு நிற்கிறார்கள், காணிக்குச் சொந்தக்காரர்களாக. நாலு எல்லையிலும் யாருடைய காணி என்று எழுதியிருப்பதால் அயலவர் பெயரும் கிடைக்கும், அந்த அயலவர் பெரும்பாலும் உறவினர். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் கையில் இருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்டுப் பார்க்கலாம். ஊரில் யாராவது நேரில் போக வேண்டியிருக்கும், இரண்டு மூன்று தரம் அலையவும் வேண்டிவரும். அலையலாம், அவ்வளவு பெறுமதி.

ஒல்லாந்தர் காலப் பதிவேடுகளான தோம்புகளைப் பற்றிப் பலர் ஆவலோடு கேட்கிறார்கள். ஆட்களை எழுதிய தலைத் தோம்பு, காணிகளை எழுதிய நிலத் தோம்பு என்று இரண்டு வகை. கொழும்பில் தேசிய சுவடிகள் காப்பகத்தில் ஒல்லாந்தர் ஆவணங்கள் இருக்கின்றன. எழுதியிருப்பது ஒல்லாந்த மொழியில், பழைய கையெழுத்தில். வரியும் ஊழியமும் வாங்குவதற்காக ஆட்களைச் சாதி வாரியாகப் பிரித்து எழுதிய பதிவுகள் அவை. இருபதாம் நூற்றாண்டையே இன்னும் கோர்க்காத ஒருவர் அதில் இறங்குவது வீண். 1800கள் வரைக்கும் ஏறியவர் ஆராய்ச்சியாளர் ஒருவரின் துணையோடு போகலாம்.

பழைய பெயரில் தேடுங்கள்

காரைநகர் 1920கள் வரை காரைதீவு. கிழக்கிலும் ஒரு காரைதீவு இருப்பதால் பழைய ஆங்கிலப் பதிவுகளில் இரண்டும் குழம்பும். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களையே தீவுகளுக்கு வைத்தார்கள்: காரைநகருக்கு ஆம்ஸ்டர்டாம், வேலணைத் தீவுக்கு லைடன், புங்குடுதீவுக்கு மிடில்பர்க், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட். இன்றும் ஆங்கிலத்தில் நிலைத்திருப்பது டெல்ஃப்ட்தான். ஊர்காவற்றுறை ஆங்கிலத்தில் கயிட்ஸ். அதன் பழைய பெயரான ஊராத்துறை, நயினாதீவில் உள்ள பராக்கிரமபாகு மன்னனின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டிலேயே வருகிறது. அந்நிய வணிகர் முதலில் அந்தத் துறைக்கு வரவேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உரியவருக்கு என்றும் அந்தக் கல் சொல்கிறது. நம் குடும்பப் பெயர் எதுவும் அதில் இல்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு ஊரைப் பற்றிச் சொல்லும்போது நான் அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குவேன்.

கட்டடம், கோயில், குளம், நெடுந்தீவின் பவளக்கல் மதில், பெருக்கு மரம் போன்றவற்றுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவும் விக்கிமீடியா பொதுவகமும் போதும். குடும்ப வரலாற்றை அங்கே எழுத இடமில்லை, எழுதினால் நீக்கிவிடுவார்கள். குறிச்சிப் பெயர்களையும் சின்னக் கோயில்களையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேண்டுமானாலும் குறிக்கலாம். இளையவர்கள் செய்ய நல்ல வேலை அது.

மலாயாவுக்குப் போன பாட்டன் இருந்தால் ஒரு தனி வழி உண்டு. ரயில்வேயிலும் அரசாங்க எழுதுவினைஞர் வேலையிலும் யாழ்ப்பாணத்தார் பலர் அங்கே இருந்தார்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளம் இலவசம், பத்திரிகைக்குள்ளேயே பெயரைத் தேடலாம். இடமாற்றம், பதவி உயர்வு, கலியாணம், மரணம் எல்லாம் செய்தியாக வந்திருக்கும். பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

சரி, எதை எடுப்பது?

ஊரில் பிறந்த பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார் என்றால் மேலே சொன்ன எதற்கும் முன்னால் அவர்தான். தொலைபேசியை ஒலிப்பதிவில் போட்டுவிட்டு, "காணியின் பெயர் என்ன, எல்லையில் யார் இருந்தார்கள்" என்று கேளுங்கள். "எங்கள் பரம்பரை என்ன" என்று கேட்டால் பெருமைக் கதைகள்தான் வரும். காணியைக் கேட்டால் ஆட்கள் வருவார்கள். தமிழ் வாசிக்க முடியாத பிள்ளைகள் மரண அறிவித்தலிலும் அத்தாட்சிப் பத்திரத்திலும் தொடங்கலாம், வாய்ப்பாடு ஒன்றே என்பதால் யாராவது ஒரு தரம் சொல்லிக் கொடுத்தால் போதும். தமிழ் வாசிப்பவர் நூலகத்தில் இரண்டு வார இறுதியைச் செலவழித்த பிறகு வேறு எதையும் யோசிக்கட்டும். ஊர்காவற்றுறை, நெடுந்தீவுப் பக்கத்துக் கத்தோலிக்கர் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளைக் கேட்டு எழுதிப் பார்க்கலாம். சைவக் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. குழுக்கள் கேள்விக்கு. உலகத் தளம் வரைந்து வைப்பதற்கு.

சேர்த்து வைப்பதற்கு நான் நம்புவது இரண்டு இடத்தை. உயிரோடு இருப்பவர் விபரம் உள்ள மரம் குடும்பத்துக்குள், மூன்று வீடுகளில் மூன்று பிரதி. நினைவு மலர், பாடசாலை மலர், பழைய படம் போன்ற ஊருக்குப் பொதுவானவை நூலகத்துக்கு. வீட்டில் ஒரு மலர் இருந்தால் அது அங்கே ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கான் செய்து அனுப்புங்கள். கரையான் நமக்காகக் காத்திருக்காது.

பெறாமகள் சந்தா கட்டவில்லை. பாரிஸில் இருக்கும் பெரியம்மாவுக்கு எடுத்து இரண்டு மணித்தியாலம் கதைத்திருக்கிறாள். உறுதியில் உள்ள வளவுக்கு ஊரில் இலுப்பையடி என்று பெயராம், கிழக்கெல்லைக்காரர் அம்மம்மாவின் சித்தப்பா முறையாம். அவருடைய பேரப்பிள்ளைகள் ஜெர்மனியில் எங்கோ இருப்பதாகக் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார். பங்குனியில் அவள் வருகிறாள், இருவருமாகக் குறிகட்டுவான் வீதியால் போய் அந்த வளவைப் பார்க்கப் போகிறோம். வீடு இல்லை. கிணறு இன்னும் இருக்கிறதாம்.